இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் வந்தாச்சு, எதைச் சரிசெய்வது? அமெரிக்காவில் வீடு விற்பவர்களுக்கான கேள்வி பதில்

வீடு வாங்க ஒப்பந்தம் போட்டவர் தன் செலவில் இன்ஸ்பெக்டரை அனுப்புவார். ரிப்போர்ட் வந்ததும் "இதையெல்லாம் சரிசெய்து கொடுங்கள்" என்று ஒரு பட்டியல் நம் கைக்கு வரும். அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் அதிகம் பார்த்தது நியூ ஜெர்சி வீடுகள்தான். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதால் கையெழுத்துப் போடுமுன் உங்கள் ஊர் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): அண்ணா, 40 பக்க ரிப்போர்ட் வந்திருக்கிறது. எங்கள் ரியல்டர் (வீட்டு ஏஜென்ட்) "எல்லாத்தையும் செஞ்சு கொடுத்துடுங்க, டீல் முடியட்டும்" என்கிறார். எல்லாமே செய்யணுமா?

வேண்டாம். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவதுதான் இன்ஸ்பெக்டரின் வேலை. ஜன்னல் வலை கிழிந்திருப்பதும் அதில் இருக்கும், கூரை ஒழுகுவதும் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை: தண்ணீர் உள்ளே வருகிறதா, தீப்பிடிக்கவோ ஷாக் அடிக்கவோ வாய்ப்பு இருக்கிறதா, அஸ்திவாரத்திலோ உத்தரத்திலோ கோளாறா, சூடேற்றும் கருவி வேலை செய்கிறதா. பெயின்ட், உரசல், பழைய கார்ப்பெட் எல்லாம் வாங்குபவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோதே தெரிந்தவை. அதற்கு மரியாதையாக "முடியாது" என்று சொல்லலாம். செய்து தருவது, கிரெடிட் தருவது (வீட்டைக் கைமாற்றும் க்ளோசிங் நாளில் வாங்குபவரின் செலவுக்கு நாம் ஒரு தொகையை விடுவது), விலை குறைப்பது, மறுப்பது என்று நான்கு வழிகள் இருக்கின்றன. எதுவானாலும் வக்கீல் வழியாக எழுத்தில் போகட்டும்.

கேள்வி (ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்): நாமே ரிப்பேர் செய்து கொடுப்பது நல்லதா, பணமாகக் கழித்துக் கொடுப்பது நல்லதா?

என் ஓட்டு பணத்துக்குத்தான். விற்கிற அவசரத்தில் ஆள் பிடித்தால் விலை மலிந்த ஆளைத்தான் பிடிப்போம். வேலை முடிந்ததும் வாங்குபவர் திரும்ப இன்ஸ்பெக்டரைக் கூட்டி வருவார், "இது சரியில்லை" என்பார், க்ளோசிங் தள்ளிப்போகும். கிரெடிட் கொடுத்துவிட்டால் அவர் தனக்குப் பிடித்த ஆளை வைத்துப் பிடித்த மாதிரி செய்துகொள்வார்.

ஆனால் கிரெடிட்டுக்கு உச்சவரம்பு உண்டு. சாதாரண வங்கிக் கடனில், தானே குடியிருக்க வாங்குபவர் 10 சதவீதத்துக்கும் குறைவாக முன்பணம் போட்டால், விற்பவர் தரக்கூடியது விலையில் 3 சதவீதம்தான். 10-லிருந்து 25 சதவீதத்துக்குள் போட்டால் 6, 25-ஓ அதற்கு மேலோ போட்டால் 9. எஃப்ஹெச்ஏ கடனுக்கு (மத்திய அரசு காப்பீடு தரும் வீட்டுக் கடன்) 6. அவருடைய உண்மையான க்ளோசிங் செலவைத் தாண்டியும் போகக் கூடாது. 5 லட்சம் டாலர் வீட்டை 5 சதவீத முன்பணத்தில் வாங்குபவருக்கு 15,000 டாலருக்கு மேல் கிரெடிட் தர வழியில்லை. மீதியை விலையில்தான் குறைக்க முடியும்.

"விலையைக் குறைத்தாலும் அதே பணம்தானே" என்று கேட்பீர்கள். உங்களுக்கு ஏறக்குறைய அதேதான், அவருக்கு இல்லை. 20 சதவீத முன்பணம் போடுகிறவருக்கு விலையில் 10,000 குறைத்தால் அன்றைக்குக் கையில் மிஞ்சுவது 2,000 தான்; மீதி 30 வருடத் தவணையில் கரைந்துவிடும். அதனால் 7,000 டாலர் கிரெடிட்டுக்குச் சம்மதிப்பவர் 10,000 விலைக்குறைப்புக்கு முகம் சுளிப்பார். பேரம் பேசும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

பணம் செல்லாத இடமும் உண்டு. எஃப்ஹெச்ஏ கடன் என்றால் 1978-க்கு முன் கட்டிய வீட்டில் பெயின்ட் உரிந்திருந்தாலோ கூரை ஒழுகினாலோ கடன் தருபவர் அனுப்பும் மதிப்பீட்டாளர் நிறுத்திவிடுவார். அதைக் க்ளோசிங்குக்கு முன் சரிசெய்தே ஆக வேண்டும். அந்த உரிந்த பெயின்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே ஈயப் பெயின்ட் வேலைக்குச் சான்றிதழ் பெற்ற ஆளாகப் பாருங்கள்.

கேள்வி (பார்சிப்பனி): மின்சார பிரேக்கர் பாக்ஸ் ஃபெடரல் பசிபிக் கம்பெனியின் ஸ்டாப்-லாக் வகை. இத்தனை வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. எதற்கு மாற்றணும்?

பிரேக்கருக்கு வேலை வருவதே பிரச்சினை வரும்போதுதான். லோடு ஏறியும் மின்சாரத்தைத் துண்டிக்காமல் இருந்துவிடுவது இந்த வகைக்கு உள்ள பெயர் பெற்ற கோளாறு. பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதைப் பார்த்தாலே பாலிசி தர மறுக்கும். பாலிசி இல்லாமல் கடன் இல்லை, ஆக அடுத்து வருபவரும் இதையேதான் கேட்பார். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, பெர்மிட் எடுத்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி (பிரின்ஸ்டன்): ரேடான் அளவு 6.2 என்று வந்திருக்கிறது. பயப்படணுமா சார்?

பயம் வேண்டாம், வாதமும் வேண்டாம். மண்ணிலுள்ள யுரேனியத்திலிருந்து வரும் கதிரியக்க வாயு இது. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடிப்பதற்கு அடுத்த காரணம் இதுதான். லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்யச் சொல்கிறது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. பேஸ்மென்ட் தரையில் துளை போட்டு, பிவிசி குழாயும் மின்விசிறியும் வைத்து, வாயுவைக் கூரைக்கு மேலே விடுவார்கள். பெரும்பாலும் ஒரு நாள் வேலை. நியூ ஜெர்சியில் மாநிலச் சான்றிதழ் உள்ள கம்பெனிதான் செய்ய வேண்டும். முடிந்தபின் மறுசோதனை எடுத்து அந்தத் தாளைக் கொடுங்கள்.

கேள்வி (ப்ளெயின்ஸ்போரோ): பேஸ்மென்ட் சுவரில் ஈரக்கறை. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அண்ணா?

அவர் மேல் எனக்குக் கோபமில்லை, எல்லாரும் முதலில் செய்வது அதுதான். ஆனால் நாலு சுவரில் ஒன்று மட்டும் புது வெள்ளையாக இருந்தால் இன்ஸ்பெக்டரின் டார்ச் நேராக அங்கேதான் போகும். மூடி மறைத்த மாதிரியும் ஆகிவிடும்.

வெளியே போய்ப் பாருங்கள். மழை பெய்யும்போது குடையோடு ஒரு சுற்று வந்தாலே பாதி தெரிந்துவிடும். கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் இலை அடைத்திருக்கிறதா? இறங்கு குழாய் சுவர் ஓரத்திலேயே தண்ணீரைக் கொட்டுகிறதா? மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா? முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது மண் வெளிப்பக்கம் இறங்க வேண்டும். குழாயைச் சில அடி நீட்டி, மண்ணைக் கொட்டிச் சரித்துவிட்டால் பல வீடுகளில் ஈரம் நின்றுவிடும். பேஸ்மென்ட் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டால் முதல் நாளே பல ஆயிரம் டாலருக்கு உள்வடிகாலும் பம்ப்பும் எழுதித் தருவார். சில வீட்டுக்கு அது தேவைதான். ஆனால் இந்த மலிவு வேலைகளை முதலில் செய்து பாருங்கள். சுவர் கிடைமட்டமாக விரிசல் விட்டு உள்ளே தள்ளியிருந்தால் கதை வேறு. அப்போது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் வர வேண்டும்.

கேள்வி (அட்லாண்டா): ரிப்போர்ட்டைப் பார்த்து வாங்குபவர் ஓடிவிட்டார். அடுத்தவரிடம் "உள்ளது உள்ளபடி" என்று விற்றால் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்தானே?

அப்படி விற்றால் ரிப்பேர் செய்ய மாட்டீர்கள் என்று பொருள். மறைக்க அனுமதி கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் தெரிந்த பெரிய குறைகளைச் சொல்லியாக வேண்டும், ரிப்போர்ட்டைப் படித்தபின் அவை உங்களுக்குத் தெரிந்தவை. பெரியது ஒன்றிரண்டைச் சரிசெய்து பில்லைக் கூடவே வையுங்கள். அடுத்தவர் அதைப் பார்த்துச் சமாதானமாவார்.

கேள்வி (எடிசன்): பேஸ்மென்டில் நாங்களே அறையும் பாத்ரூமும் கட்டினோம். பெர்மிட் எடுக்கவில்லை.

நம்மவர்களிடம் நிறையப் பார்க்கும் சங்கதி. வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே டவுன்ஷிப் அலுவலகத்தில் விசாரியுங்கள். கட்டி முடித்த வேலைக்கும் பெர்மிட் வாங்கலாம், ஆனால் சுவரைத் திறந்து காட்டச் சொல்லலாம், அபராதமும் வரலாம், வாரக்கணக்கில் ஆகும். க்ளோசிங் தேதி குறித்த பிறகு ஆரம்பித்தால் தாங்காது. போகும்போதே புகை, கார்பன் மோனாக்சைடு அலாரம், தீயணைப்பான் சான்றிதழுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். விற்கும்போது நியூ ஜெர்சியில் அது கட்டாயம்.

கேள்வி (சென்னையிலிருந்து): நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். கூரை வேலையை யார் மேற்பார்ப்பது?

முடிந்தால் கிரெடிட் கொடுத்து ஒதுங்குங்கள். வாங்குபவர் வேலைதான் வேண்டும் என்றால், கான்ட்ராக்டரின் எழுத்து மதிப்பீட்டை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளட்டும். முடிந்த வேலையை உங்கள் ரியல்டர் படமெடுத்து அனுப்பட்டும். க்ளோசிங் நடத்துபவர் வீடு விற்ற பணத்திலிருந்தே பில்லைக் கட்டிவிடலாம். ஆனால் அதுவரை காத்திருக்கக் கான்ட்ராக்டர் சம்மதிக்கிறாரா என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள், பாதியை முன்பணமாகக் கேட்பவர்கள்தான் அதிகம்.