தரங்கம்பாடிக்கு ரயில் இல்லை

கேள்வி: ஒரு பயண மாத இதழில் எங்கள் ஊரான தரங்கம்பாடியைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை வெளியாகியுள்ளது. கடற்கரைக் கோட்டையை டச்சுக்காரர்கள் கட்டியதாகவும், கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு டென்மார்க் நாட்டவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். மயிலாடுதுறையிலிருந்து ரயிலில் வரலாம் என்று வழி வேறு சொல்லியிருக்கிறார்கள். ‘அலைகள் பாடும் ஊர்’ என்ற பெயர்க் காரணமும், ஓசோன் நிறைந்த எங்கள் கடற்காற்றும் கட்டுரையில் இல்லவே இல்லை. இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் இங்கேதான் அமைந்தது என்ற பத்தி ஒன்றுதான் உருப்படியானது. நான்கு பக்கக் கண்டனக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதன் நகலையும் கட்டுரையின் நகலையும் இணைத்துள்ளேன். இப்படியே அனுப்பலாமா? அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால், பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாமா?
– தரங்கம்பாடி வாசகர்

பதில்: அனுப்புங்கள், ஆனால் ஒரு பக்கமாகச் சுருக்கி அனுப்புங்கள். ‘வன்மையாகக் கண்டிக்கிறேன்’ என்ற தொடக்கத்தையும், ‘குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு எழுதியவர்’ என்ற வரியையும் எடுத்துவிட்டாலே கால் பக்கம் குறைந்துவிடும்.

உங்கள் கடிதம் கோட்டையில் தொடங்கி, நான்காம் பக்கத்தின் அடியில் இரண்டே வரியில் ரயிலுக்கு வருகிறது. நானாக இருந்தால் ரயிலைத்தான் முதலில் வைப்பேன். கோட்டையைக் கட்டியவர் யார் என்று தவறாகப் படித்தவர், வீட்டுக்குத் திரும்பிய பிறகுகூடத் திருத்திக்கொள்ளலாம். பிள்ளைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கி, தரங்கம்பாடி வண்டி எந்த நடைமேடை என்று விசாரிக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. 1926-இல் தொடங்கிய அந்த மீட்டர்கேஜ் பாதை 1986-இல் மூடப்பட்டுவிட்டது. மயிலாடுதுறையிலிருந்து இப்போது பேருந்தில்தான் வர வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றும் கட்டுரையின் கடைசிப் பெட்டிச் செய்தியில் இருக்கிறது: ஊரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் வைத்திருக்கிறார்கள். 2020 டிசம்பர் முதல் அது மயிலாடுதுறை மாவட்டம். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்கின் ஓவே கெட்டே எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டையின் பெயரிலேயே கட்டியவர்களின் நாடு இருக்கிறது. ஆனாலும் கட்டுரையாளர் எங்கே தடுக்கி விழுந்தார் என்பது எனக்குப் புரிகிறது. தெற்கே சிறிது தொலைவில் உள்ள நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்களின் கையில்தான் இருந்தது. பழைய தமிழ்க் குறிப்புகளில் அவர்கள் உலாந்தாக்காரர்கள், அதாவது ஹாலந்துக்காரர்கள். அந்தப் பெயர் வழக்கில் நீடித்திருந்தால் டச்சு, டேனிஷ் என்ற குழப்பத்துக்கே இடம் இருந்திருக்காது. இந்த வரலாறு முழுவதையும் மூன்று பத்திகளில் விளக்கியிருக்கிறீர்கள். ஆசிரியர் குழுவில் யாரும் அதைப் பொறுமையாகப் படிக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக, டென்மார்க் அரசச் சின்னமும் 1792 என்ற ஆண்டும் தெரிகிறபடி ஊரின் நுழைவாயிலைப் படம் எடுத்து இணையுங்கள்.

சீகன்பால்கு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸில் பிறந்தவர். 1706 ஜூலை 9 அன்று அவர் இங்கே வந்து இறங்கியது டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பித்தான் என்பதால், இதழில் வந்திருப்பது பாதி உண்மை. இதற்கு ‘அறியாமையின் உச்சம்’ என்ற வசை அதிகம்.

இனி உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய பகுதிக்கு வருகிறேன். நீங்கள் உருப்படியானது என்று பாராட்டிய பத்திதான் கட்டுரையிலேயே பெரிய பிழை. இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் 1556-இல் கோவாவில் அமைந்தது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவ நூல் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் வந்தது 1712-இல்தான். தமிழில் முழுப் புதிய ஏற்பாடு 1715-இல் இங்கே அச்சாகி முடிந்தது என்பது எந்த ஊருக்கும் போதுமான பெருமை. முதலிடத்தை இரவல் வாங்கத் தேவையில்லை. ஊரைக் குறைத்துச் சொன்ன பிழைகளை மட்டும் பட்டியலிட்டு, உயர்த்திச் சொன்ன பிழையை அப்படியே விட்டுவைத்தால், விவரம் தெரிந்த ஆசிரியர் உங்கள் கடிதத்தை ஊர்ப்பற்று என்று ஒதுக்கிவிடுவார். அதையும் நீங்களே சுட்டிக்காட்டினால் மற்ற நான்கையும் அவர் நம்பாமல் இருக்க முடியாது.

விடுபட்டவை என்று நீங்கள் சேர்க்கச் சொல்லும் இரண்டும் வேண்டாம். தரங்கம் என்றால் அலை என்பது சரி. ஆனால் ‘பாடி’ என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழைய ஊர்ப்பெயர் ஈறு. இல்லாவிட்டால் வாணியம்பாடியில் யார் பாடுகிறார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் ஊர் மாசிலாமணிநாதர் கோயிலில், குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஊரைச் ‘சடங்கன்பாடி’ என்றுதான் குறிப்பிடுகிறது. ஓசோனோ, தரையளவில் கூடினால் நுரையீரலைக் கெடுக்கும் வாயு. ஓசோன் என்று பலர் நினைக்கும் கடலோர வாசனைக்குக் காரணம் கடலின் நுண்ணுயிர்களும் பாசிகளும் சார்ந்த கந்தகச் சேர்மங்கள்தான். ஓசோன் காற்று என்று சுற்றுலாப் பலகைகளில் எழுதியிருக்கலாம். நீங்கள் கையெழுத்திடும் கடிதத்தில் அது இருக்கக் கூடாது.

ஒவ்வொரு பிழைக்கும் பக்க எண்ணையும் பத்தியையும் குறித்து, ‘இப்படி உள்ளது, இப்படி இருக்க வேண்டும்’ என்ற அளவோடு நிறுத்துங்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டும், இணையப் பதிப்பு இருந்தால் அதிலும் மாற்ற வேண்டும் என்று கடைசியில் கேளுங்கள். மன்னிப்பு கேட்கச் சொல்லும் பத்தியை அடித்துவிடுங்கள். மன்னிப்புக்குத் தயங்கும் ஆசிரியர் திருத்தத்தையும் சேர்த்தே மறுத்துவிடுவார்.

பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். ஆனால் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். மாத இதழ் என்றால், செய்தி வெளியான நான்கு மாதங்களுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. இந்த விஷயத்துக்கு அவ்வளவு தூரம் போவது தேவையில்லை என்பது என் எண்ணம். கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு இதழ்களிலும் ஒன்றும் வராவிட்டால், ரயிலைப் பற்றி மட்டும் ஒரு தபால் அட்டையில் நினைவூட்டுங்கள்.