பாதியில் நிறுத்தினால் கோபிக்காத கேம் எது?

வாசகர் கேள்வி - பதில்

கையில் வைத்து விளையாடுகிற கேம் கருவிகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று யார் நினைத்தது. எல்லாவற்றையும் போட இடமில்லை. ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, பழைய நிண்டெண்டோ சுவிட்ச் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கேம் எல்லாம் விலை. அண்மையில் நீங்கள் விளையாடியதில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்? (உவர்மலையிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: தம்பி, என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான். இந்தக் கருவியை நாம் எங்கே வெளியில் எடுக்கிறோம் என்று யோசியுங்கள். வங்கியில் நம்பர் எடுத்துவிட்டு இருக்கும்போது, நிலாவெளி பஸ் ஆள் சேர்க்க நிற்கும்போது, கொழும்பு இரவு ரயில் கல்ஓயாச் சந்தியில் ஏன் என்று தெரியாமல் நிற்கும்போது. எந்த நிமிடத்திலும் யாராவது கூப்பிடுவார்கள், அல்லது இறங்குகிற இடம் வந்துவிடும். ஆகவே பாதியில் நிறுத்தினால் எந்தக் கேம் கோபிக்காமல் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் மார்க் போடுகிறேன். கருவி கோபிக்காது, மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் தூங்கும், திரும்ப அழுத்தினால் விட்ட நொடியிலேயே எழும்பும். எங்கள் மண்டைதான் அப்படி எழும்பாது.

செல்டா வரிசையில் 2023 மே மாதம் வந்த டியர்ஸ் ஆஃப் த கிங்டம், வெளியான முதல் 3 நாளிலேயே ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. விற்றதில் அதிசயமில்லை. பலகை, சில்லு, காற்றாடி என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டி வண்டியோ வள்ளமோ பறக்கிற சாமானோ செய்து, அது பாதி வழியில் கவிழ்ந்து விழுகிறதைப் பார்த்துச் சிரிப்பதற்கே காசு கொடுக்கலாம். ஆனால் அது ஆறுதலாக வீட்டில் இருந்து விளையாடுகிற கேம். இடையில் விட்டுவிட்டு அடுத்த கிழமை எடுத்தால் இந்த மலை உச்சிக்கு ஏன் ஏறினோம், யாரைத் தேடினோம் என்று ஒன்றும் நினைவில் இருக்காது. ரயிலில் எடுத்தால் நான் அதில் உள்ள ஆலயப் புதிர்களை மட்டும் செய்கிறேன். மொத்தம் 152 இருக்கின்றன, ஒன்று முடிந்தால் அது முடிந்ததுதான், மிச்சக் கதையை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

ஹாலோ நைட் சில்க்சாங் பற்றியும் பலர் கேட்டீர்கள். 2025 செப்டெம்பர் 4 வந்தது, அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தில் ஒரு சின்னக் குழு செய்தது. கையால் வரைந்த படம், இசை, எல்லாம் அருமை. பஸ்ஸில் மட்டும் எடுக்காதீர்கள். பெரிய எதிரியோடு அடிபடும்போது அரை நொடி பிந்தினால் சரி, கதை முடிந்தது. பிறகு கடைசியாக இருந்து இளைப்பாறிய வாங்கில் இருந்து திரும்ப அவ்வளவு தூரமும் ஓடிவர வேண்டும். நம் உள்ரோட்டுக் கிடங்குகளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

முதல் காசை இன்டு த பிரீச் என்ற கேமுக்குக் கொடுங்கள். 2018-இல் வந்தது, பழையதாகையால் அடிக்கடி கழிவு விலையில் கிடைக்கும். எட்டுக்கு எட்டுக் கட்டம், எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது, நீங்கள் அதைப் பார்த்து ஆளை நகர்த்த வேண்டும். ஒரு நகர்வுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டாவது கேம் அடுத்த பதிலில்.

கேள்வி: அப்பா கடலுக்குப் போகிறவர். டிரெட்ஜ் என்று ஒரு மீன்பிடிக் கேம் இருக்கிறது என்றதும் சிரிக்கிறார். உண்மையில் எப்படி? (சல்லி)

பதில்: அப்பா சிரிக்கட்டும், ஆனால் ஒருநாள் கையில் கொடுத்துப் பாருங்கள். நியூசிலாந்தில் ஒரு சின்னக் குழு செய்து 2023 மார்ச் மாதம் வெளியிட்டது. தீவுக்கூட்டம் ஒன்று, உங்களுக்கு ஒரு சின்னப் படகு, கடன். பகலில் மீன் பிடித்து விற்றுக் கடனைக் கட்ட வேண்டும். படகின் உட்பக்கம் கட்டம் கட்டமாக இருக்கிறது. எஞ்சின், தூண்டில், விளக்கு எல்லாம் அதே கட்டங்களில்தான் இடம் பிடிக்கும், மிச்ச இடத்தில்தான் மீன். ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு வடிவம். சின்ன லொறியில் வீடு மாறும்போது சாமான் அடுக்குகிற மாதிரி, திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, கணவாயை மூலையில் தள்ளி, ஒரு நீட்டு மீனுக்கு இடம் பண்ணுகிற அந்த வேலைதான் கேமின் பாதி. எனக்கு அலுக்கவில்லை.

என் அளவுகோலில் இது ஏன் முன்னுக்கு நிற்கிறது என்றால், இதில் நேரம் சும்மா ஓடாது. படகு நகர்ந்தால் அல்லது மீன் பிடித்தால்தான் மணிக்கூடு நகரும். நடுக்கடலில் நிறுத்திவிட்டு நீங்கள் கடைக்குப் போய் வந்தாலும் சூரியன் அங்கேயே நிற்கும். கரையில் கட்டும்போது தானாகப் பதிந்துகொள்ளும்.

இருட்டினால்தான் வேறு கதை. இரவில் கடலில் நின்றால் படகுக்காரனுக்குப் பயம் ஏறும், ஏற ஏறப் பகலில் இல்லாத பாறைகள் முன்னால் முளைக்கும், தூரத்தில் வெளிச்சம் தெரியும், அது படகு வெளிச்சம்தானா என்று நிச்சயமில்லை. கரையில் கட்டிவிட்டுப் படுத்து எழும்பினால் பயம் இறங்கும். ஆனால் சில மீன் இரவில்தான் படும், நல்ல விலை போகும், ஆகவே ஆசை விடாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், சில காட்சிகள் உண்மையிலேயே அருவருப்பு.

அப்பா பிழை பிடிப்பார் என்பதும் நிச்சயம். வாடைக் காலம் என்று ஒன்று இந்தக் கடலில் இல்லை, மார்கழியிலும் படகு போகும். எவ்வளவு கொண்டுபோய்க் கொட்டினாலும் மீன் வாங்குகிறவர் விலையைக் குறைப்பதில்லை. நம் கரையில் எல்லா வள்ளத்துக்கும் சூரை பட்ட நாளில் என்ன விலை போகும் என்று அப்பாவைக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் சரியாக இருக்கிறது, மீனை வைத்திருந்தால் நாள் போகப் போகப் பழுதாகிக் கடைசியில் ஒன்றுக்கும் உதவாது.

கேள்வி: மகன் பலாட்ரோ என்று சீட்டுக் கேம் ஒன்று கேட்கிறான். சூதாட்டம் மாதிரித் தெரிகிறதே, வாங்கிக் கொடுக்கலாமா? (திருக்கடலூரிலிருந்து ஒரு தாய்)

பதில்: அக்கா, நீங்கள் மட்டும் இதைக் கேட்கவில்லை. ஐரோப்பாவில் கேம்களுக்கு வயது போடுகிற அமைப்பு இதற்கு முதலில் 3 வயது என்று போட்டு, 2024-இல் 18 என்று மாற்றி, பிறகு முறைப்பாடு போய் 2025 பெப்ரவரியில் 12 என்று இறக்கியது. அவர்களுக்கே அவ்வளவு குழப்பம்.

உள்ளே இருப்பது இதுதான். போக்கரில் வருகிற சோடி, ஒரே சாதிச் சீட்டு ஐந்து என்ற சேர்க்கைகளைப் போட்டுப் புள்ளி எடுக்க வேண்டும். எதிரில் ஆள் இல்லை, பந்தயம் இல்லை, உண்மைக் காசு கட்டுகிற இடமே இல்லை. கேமை வாங்குகிற காசு மட்டும்தான். வீட்டில் 304 சீட்டு விளையாடுவீர்கள் என்றால் உடனே பிடிபடும். 304-இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11. இங்கேயும் ஆசுக்கு 11தான், ஆனால் ஜாக் பாவம் வெறும் 10. முதல் கட்டத்தைத் தாண்ட 300 புள்ளி வேண்டும். இரண்டு ராசாவைச் சோடியாகப் போட்டால் 60தான் வரும், கைக்கு இருப்பது நாலே நாலு தடவை, எப்படிக் கட்டும்? அங்கேதான் ஜோக்கர் சீட்டுகள் வருகின்றன. மொத்தம் 150 வகை, ஒவ்வொன்றும் விதியை ஒவ்வொரு மாதிரி வளைக்கும். எதை எதோடு சேர்த்தால் புள்ளி பெருகும் என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. கனடாவில் ஒரு தனி ஆள் செய்தது என்றால் நம்ப முடிகிறதா?

எனக்கு இருக்கிற பயம் சூது இல்லை. நிறுத்தினால் கோபிக்காத கேம்தான், ஆனால் நிறுத்த நமக்கு மனம் வராது. "இன்னும் ஒன்று" என்று சொல்லியே விடியும். சாதாரண தரப் பரீட்சை முடிகிற வரைக்கும் தள்ளிப் போடுங்கள். அப்புறம் வாங்குவதென்றாலும் சுவிட்ச் தேவையில்லை, போனிலேயே வருகிறது.

கேள்வி: தமிழ்க் குடும்பத்தைப் பற்றி ஒரு கேம் இருக்கிறதாமே? (தம்பலகாமம்)

பதில்: வெண்பா. ரொறன்ரோவில் செய்தது, 2023 ஜூலை கடைசியில் வந்தது, அடுத்த வருடம் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகக் கேம் விருதும் எடுத்தது. 1988-இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு சோடி, அங்கே பிறந்த மகன், அம்மா கொடுத்துவிட்ட பழுதாய்ப்போன சமையல் கொப்பி. அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும், புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது என்றெல்லாம் வெள்ளைக்காரர்கள் முழித்திருப்பார்கள், நம் வீட்டில் அது ஒரு புதிரா? சமையல் பகுதி நமக்கு ரொம்ப லேசு, அதை ஒரு குறையாகவே சொல்கிறேன்.

குறையில்லாதது கதை. அம்மா தமிழில் கதைக்கிறார், மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், அவனுக்கு விளங்காத சொற்கள் திரையில் மங்கிப்போகும். ஸ்காபரோவில் இருக்கிற அண்ணன் பிள்ளைகளோடு வீடியோ கோலில் கதைத்துப் பழகியவர்களுக்கு அந்த இடம் சுருக்கென்று குத்தும். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், அந்த நீளத்துக்கு விலை கூட என்று சிலர் சொல்வது நியாயம்தான். என் அளவுகோலுக்கு இது அடங்காது, இதைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே இருப்பில் பாருங்கள், முடிந்தால் அம்மாவையும் பக்கத்தில் இருத்தி.

கேள்வி: இரண்டு மகள்மார், ஒரு சுவிட்ச். அனிமல் கிராசிங் வாங்கிக் கொடுத்ததில் இருந்து வீட்டில் ஒரே சண்டை. (நிலாவெளி)

பதில்: சண்டைக்குக் காரணம் பிள்ளைகள் இல்லை. நியூ ஹொரைசன்ஸ் என்ற அந்தக் கேமில் ஒரு கருவிக்கு ஒரு தீவுதான், எத்தனை பேர் குடியிருந்தாலும் முதலில் தொடங்கியவருக்குத்தான் பாலம் எங்கே, கடை எங்கே என்று தீர்மானிக்கிற அதிகாரம். மூத்தவள் தொடங்கியிருப்பாள், சின்னவள் அழுகிறாள், சரியா? தொடக்கத்திலேயே சின்னவளைத் தலைவியாக்கி இருக்கலாம், மூத்தது மீன் பிடித்தும் பூச்சி பிடித்தும் சமாளித்துக்கொள்ளும். இப்போது மாற்றுவதென்றால் முழுத் தீவையும் அழிக்க வேண்டிவரும், அதற்கும் ஒரு சண்டை வரும், யோசித்துச் செய்யுங்கள்.

இந்தக் கேமின் மணிக்கூடு நம் மணிக்கூடுதான். இரவு 10 மணிக்குப் பிறகு கடை பூட்டு. டிசெம்பரில் வெளியே மாரி மழை ஊற்ற, உள்ளே பனி கொட்டும். தென் பாதிக் கோளம் என்று தெரிவு செய்தால் கச்சான் காற்று அடிக்கிற ஜூலையில் பனி. வெக்கைக்கு அதுவும் ஒரு சுகம்.

கேள்வி: மத்தியானத்தில் விளையாடினால் கருவி கொதிக்கிறது. பழுதா? (மூதூர்)

பதில்: சுவிட்சைப் பாவிக்கச் சொல்கிற வெப்பநிலை 5 முதல் 35 பாகை. கச்சான் காலத்தில் நம் கூரைத் தகரத்துக்குக் கீழே அது எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். மேல் விளிம்பில் உள்ள காற்றுத் துவாரத்தைத் தலையணையாலோ உறையாலோ அடைக்காதீர்கள், சார்ஜ் போட்டுக்கொண்டு விளையாடாதீர்கள், கடற்கரைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். வெயிலில் திரையும் தெரியாது, உப்புக் காற்றும் மணலும் பொத்தானுக்குள் போனால் பிறகு நல்ல திருத்துகிறவரைத் தேடி அலைய வேண்டும்.

கேள்வி: ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் இடப்பக்கம் நடக்கிறான். (சாம்பல்தீவு)

பதில்: உள்ளே உராய்கிற பகுதி தேய்ந்திருக்கும், அல்லது தூசு. முதலில் அமைப்புகளில் போய் ஸ்டிக்கை அளவு திருத்திப் பாருங்கள். சரிவராவிட்டால் ஸ்டிக்கை மாற்றுங்கள், மாற்றும்போது காந்தத்தில் இயங்குகிற வகையைக் கேளுங்கள், அதில் உராய்ந்து தேய ஒன்றுமில்லை.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை கேம் கார்டை வாயில் வைத்துவிட்டான்! (கிண்ணியா)

பதில்: துப்பியிருப்பானே? அதற்காகவே நல்ல கசப்பான ஒரு பொருளை அதில் பூசியிருக்கிறார்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகமாக இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: அலுமாரியில் பழைய பிஎஸ்பி (சோனியின் கைக் கேம் கருவி) கிடந்தது. பின்மூடி பொம்மிக்கொண்டு நிற்கிறது. சார்ஜ் போட்டுப் பார்க்கவா? (குச்சவெளி)

பதில்: வேண்டவே வேண்டாம். பற்றரி வீங்கியிருக்கிறது. குத்தாமல், அழுத்தாமல் கழற்றி எடுத்து, வீட்டுக் குப்பையோடு போடாமல், மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுங்கள். கருவி நல்லதாக இருக்கும், வேறு பற்றரி போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: ஆடி மாதம் கனடாவில் இருந்து மச்சான் பிள்ளைகள் வருகிறார்கள், எல்லோரிடமும் சுவிட்ச். நம் வீட்டில் இன்டர்நெட் சரியில்லை. சேர்ந்து விளையாட வழி உண்டா? (தட்சண கைலாசத்துக்குப் போகிற வழியில் வீடு என்று மட்டும் எழுதியவர்)

பதில்: மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற வண்டிப் பந்தயக் கேம். இன்டர்நெட்டே வேண்டாம், கருவிகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும், 8 பேர் வரை ஓடலாம். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு கேம் என்றால்தான் அப்படி. உங்களிடம் ஒரு கருவிதான் என்றால் இரண்டு பக்கக் கைபிடியையும் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடித்து ஒரே திரையில் ஓடுங்கள். அம்மம்மாவும் சேருவதென்றால் ஸ்மார்ட் ஸ்டியரிங்கைப் போட்டுவிடுங்கள், வண்டி ரோட்டை விட்டு இறங்காது, அவர் ஆறுதலாக வாழைப்பழத் தோலை எறிந்துகொண்டு வரலாம். மச்சானிடம் சொல்லிக் கேம் கார்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், இங்கே வந்து இறக்கப் போனால் டேட்டா காணாது.