ஊஞ்சல் வாங்கலாம், மினிமம் டியூவை நிறுத்திவிட்டு

கேள்வி: மதுரை ஒத்தக்கடைப் பக்கம் நாலு சென்ட்டில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு நாலு. பின்பக்கம் 12 அடிக்கு 30 அடி இடம் சும்மா கிடக்கிறது. இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்கு மரமும் சேர்ந்த செட் ஒன்றை ஆன்லைனில் பார்த்தோம். விலை 38,000 ரூபாய். நோ காஸ்ட் இஎம்ஐ-யில் 12 மாதம், மாதம் 3,167 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் 34,500-க்குத் தருகிறார்கள். கணவர் சம்பளம் கையில் 58,000, வீட்டுக்கடன் 21,000. ஒன்றரை வருடத்துக்கு முன் நாத்தனார் மகன் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் செய்த வகையில் கிரெடிட் கார்டில் 1,25,000 ஏறிவிட்டது. மாதம் 6,000 தவறாமல் கட்டுகிறோம், இன்னும் 1,10,000 நிற்கிறது. மளிகை, பெட்ரோலும் அதே கார்டில்தான், அதை அந்தந்த மாதமே கட்டிவிடுவோம். என் அம்மா கொடுத்த 1,50,000 என் பெயரில் எஃப்டியாக இருக்கிறது. அதைத் தொட எனக்கு மனமில்லை. ஊஞ்சல் வாங்கலாமா? அல்லது தோழி சொல்வதுபோல் அந்த 3,000-ஐக் குழந்தைகள் பெயரில் யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) போடலாமா? வரும் மாசியில் நாத்தனாரின் இளைய மகளுக்கும் காதுகுத்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கடிதத்தில் பாதிக்கு மேல் ஊஞ்சலைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறீர்கள். 58,000 சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஊஞ்சல் ஆடம்பரம் கிடையாது. "தவறாமல் கட்டுகிறோம்" என்று பெருமையாகச் சொன்னீர்களே, அந்த 6,000 ரூபாய்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

ஒன்றரை வருடம் என்றால் 18 மாதம். மாதம் 6,000 வீதம் 1,08,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். கடன் குறைந்ததோ வெறும் 15,000. மீதி 93,000 எங்கே போனது? பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1,10,000-க்கு 3,850 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, இன்னொரு 690. ஆக மாதம் 4,540, வருடத்துக்கு 54,500. பில்லில் மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே தீர வேண்டிய குறைந்தபட்சத் தொகை, என்று போட்டிருப்பதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வீட்டுக்கு போன் வராது. அதனால் கடன் ஒழுங்காக அடைபடுவதுபோல ஒரு நிம்மதி. நீங்கள் பார்த்த அந்த ஊஞ்சல் செட்டை வருடத்துக்கு ஒன்றரை வீதம் வாங்கி வங்கிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மளிகையை அந்தந்த மாதமே கட்டிவிடுகிறோம் என்கிறீர்கள். பழைய பாக்கி ஒரு ரூபாய் நின்றாலும் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. காலையில் யுபிஐ-யில் ஸ்கேன் செய்து வாங்கிய பால் பாக்கெட்டுக்கும் அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யில் இணைக்கச் சொல்லி இப்போது எல்லா ஆப்பும் கூவுகின்றன. பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அது ஆகவே ஆகாது. பாயின்ட் கிடைக்கிறது என்று சொல்லாதீர்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் பாயின்ட் வாங்கி, மாதம் நாலு ரூபாய் வட்டி கொடுப்பதில் என்ன லாபம்?

இனி எஃப்டி. அம்மா வீட்டுப் பணம் நாத்தனார் வீட்டுச் சீருக்குப் போவதா என்ற எண்ணம் கடிதத்தில் எழுதப்படாமலே தெரிகிறது. நியாயமான எண்ணம்தான். ஆனால் 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் அந்த எஃப்டி வருடத்துக்கு 10,500 ரூபாய் தருகிறது, பக்கத்திலேயே கார்டு 54,500-ஐத் தின்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பணம்.

எஃப்டியை உடைக்க வேண்டாம். அதே வங்கிக் கிளைக்குப் போய், எஃப்டியின் பேரில் ஓவர்டிராஃப்ட் கேளுங்கள், அதாவது எஃப்டியை ஈடாக வைத்து, வேண்டிய அளவு எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன். டெபாசிட் தொகையில் 90 சதவீதம் வரை பொதுவாகத் தருவார்கள், உங்களுக்கு 1,35,000 வரை கிடைக்கும். வட்டி, எஃப்டி வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். ஜாமீன் கேட்க மாட்டார்கள், சம்பளச் சான்றிதழுக்கு அலைய வேண்டியதில்லை. 1,10,000 எடுத்து கார்டு பாக்கியை ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். மாதம் 4,540 ஆக இருந்த வட்டி 800 ரூபாய்க்கு இறங்கிவிடும். அம்மா கொடுத்த பணம் உங்கள் பெயரிலேயே இருக்கும், அதற்கு வட்டியும் வரும். ஒன்று மட்டும் கவனம்: கடன் உங்கள் பெயரில் ஆகிவிடுகிறது. கட்டாமல் விட்டால் வங்கி எஃப்டியில் கழித்துக்கொள்ளும். அதனால் கணவரின் சம்பளக் கணக்கிலிருந்து சம்பளம் விழும் மறுநாளே பணம் இந்தக் கணக்குக்குத் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். "கையில் தருகிறேன்" என்பது வேண்டாம், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும்.

எவ்வளவு போக வேண்டும்? கார்டுக்குக் கட்டிய 6,000, ஊஞ்சல் தவணைக்கு ஒதுக்கத் தயாராக இருந்த 3,167. கூட்டினால் 9,167. முதல் இரண்டு மாதம் ஓவர்டிராஃப்டுக்கு வட்டி மட்டும் கட்டுங்கள். மிச்சம் சேர்த்தால் 16,000-க்கு மேல் கையில் நிற்கும். அது ஊஞ்சலுக்கு. மூன்றாம் மாதத்திலிருந்து முழுத் தொகையும் கடனுக்குப் போனால், மொத்தம் பதினைந்து மாதத்தில் கணக்கு தீரும். மொத்த வட்டி சுமார் 7,000 ஆகும். கார்டில் இது இரண்டு மாதத்துக்கே காணாது. கடன் தீர்ந்த பிறகுதான் ஊஞ்சல் என்று நான் சொல்லாததற்குக் காரணம், நாலு வயதுப் பையன் உங்கள் கடனுக்காக நாலு வயதிலேயே நிற்க மாட்டான்.

ஆனால் 38,000 செட் வேண்டாம். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. உங்கள் கடைக்காரரே 34,500, 38,000 என்று இரண்டு விலை சொல்லி அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். இடையில் இருக்கும் 3,500, வங்கி போடும் பிராசசிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தால் 4,000 ரூபாயைத் தாண்டும். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் அது வருடத்துக்கு 20 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி.

இடமும் போதாது. உத்திரக் குழாயின் உயரம் ஏழு அடி என்றால், அதைப்போல் இரண்டு மடங்கு, 14 அடி, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் காலியாக இருக்க வேண்டும் என்பது விளையாட்டுத் திடல்களுக்குச் சொல்லப்படும் பாதுகாப்புக் கணக்கு. பக்கவாட்டில் ஆறடி. உங்கள் 30 அடி நீளவாக்கில் ஆடும்படி ஓர் ஒற்றை ஊஞ்சல் நீளத்துக்குக் கச்சிதமாக அமையும், பக்கவாட்டில்தான் கொஞ்சம் நெருக்கம். இரண்டு ஊஞ்சலையும் சறுக்கு மரத்தையும் 12 அடி அகலத்தில் திணித்தால் பிள்ளை காம்பவுண்டு சுவரில்தான் போய் முட்டும்.

பக்கத்து வெல்டிங் பட்டறையில் இரண்டு அங்குல ஜிஐ குழாயில் ஒற்றை ஊஞ்சல் கேளுங்கள். எடைக்கணக்கில்தான் விலை சொல்வார்கள். கால், உத்திரம், குறுக்குக் கம்பி எல்லாம் சேர்த்து 75 கிலோ வரும். கூலி, பெயின்ட், சங்கிலி, பலகை சேர்த்து 16,000-க்குள் பேசி முடிக்கலாம். கால்களை கான்கிரீட்டில் புதைக்கச் சொல்லுங்கள், கீழே முக்கால் அடிக்கு மணல் பரப்புங்கள். இரண்டு பிள்ளைக்கும் ஒரே ஊஞ்சல் என்றால் சண்டை வரும், அது உங்கள் பாடு. செலவே வேண்டாம் என்று பின்பக்கத்து முருங்கையில் மட்டும் கயிறு கட்டிவிடாதீர்கள். முருங்கைக் கிளை எப்போது ஒடியும் என்று அதற்கே தெரியாது.

யூலிப்பா? ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது. வருடத்துக்கு 42 சதவீத வட்டியில் கடன் வைத்துக்கொண்டு அதில் பணம் போட்டு என்ன ஆகப்போகிறது? குழந்தை படம் போட்ட விளம்பரத்துக்கு மயங்காதீர்கள். தோழி ஏஜென்ட்டாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக மறுத்துவிடுங்கள்.

மாசி காதுகுத்து. இந்தக் கடிதத்தைக் காட்டி நாத்தனாரைக் குறை சொல்ல வேண்டாம். முதல் பிள்ளைக்குச் செய்த தாய்மாமன் இரண்டாவதற்குச் செய்யாமல் இருக்கவும் முடியாது. ஆனால் பவுன் விலை இருக்கும் இருப்பில், மூத்தவனுக்குச் செய்த அளவு என்று ஆரம்பித்தால் இன்னொரு லட்சம் கார்டில் ஏறும். உங்கள் கணவரே, அவர் மட்டும், அக்காவிடம் இப்போதே போய் ஒரு தொகையைச் சொல்லிவிடட்டும்: "அக்கா, என்னால இவ்வளவுதான் முடியும்." பத்திரிகை அடித்த பிறகு சொன்னால் சண்டையாகும், இப்போது சொன்னால் இரண்டு நாள் முகம் சுளிப்பதோடு போய்விடும். அந்தத் தொகை அவருடைய போனஸிலிருந்தோ, வேறு சேமிப்பிலிருந்தோ வரட்டும். ஓவர்டிராஃப்டில் இன்னும் 25,000 எடுக்க இடம் இருப்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்றுகூடச் சொல்வேன், ஆனால் கடிதம் வெளியாகிவிடுமே.

கார்டு பாக்கியை அடைத்த மறுமாத பில்லிலும் ஒரு வட்டித் தொகை வரும். முந்தைய பில் தேதியிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அது. ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறாமல் அதையும் முழுதாகக் கட்டுங்கள். பில்லில் பாக்கி பூஜ்யம் என்று வந்த பிறகு கார்டை யுபிஐ ஆப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.