புலிக்கால் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலூரில் கல்லூரியில் படிக்கிறேன். ஒரு காமிக்ஸ் வரைகிறேன். பிச்சாவரம் காட்டுக்குள் வாழும் ஒரு விலங்குதான் அதில் வில்லன். ஆறு கொம்பு, வௌவால் இறக்கை, தேள் வால், உடம்பெல்லாம் முள். பார்க்கிறவர்கள் ‘சூப்பர்’ என்கிறார்கள். ஆனால் மறுநாள் கேட்டால் அது எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. படத்தை இணைத்திருக்கிறேன். என்ன குறை?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

படம் பார்த்தேன். கோடு அருமையாக ஓடுகிறது. ஆனால் அந்த விலங்கு எங்கே, எப்படிப் பிழைக்கிறது என்பது அதன் உடம்பில் தெரியவில்லை. பிச்சாவரத்தில் படகில் போயிருப்பீர்கள். கால்வாய் குறுகும் இடத்தில் சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கும். அங்கே அவ்வளவு பெரிய இறக்கையை எப்படி விரிக்கும்?

உங்கள் திருப்பாதிரிப்புலியூரில் வழிபட்டதாகச் சொல்லப்படும் புலிக்கால் முனிவரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டு வாய் வைக்கும் முன்பே பூப்பறித்துப் பூஜை செய்ய ஆசைப்பட்டார். அதற்கு விடியும் முன் மரமேற வேண்டும். பனியில் மரம் வழுக்கும், இருட்டில் கிளை தெரியாது. அதனால்தான் புலியின் காலையும் நகத்தையும் இருட்டில் தெரியும் பார்வையையும் சிவனிடம் கேட்டு வாங்கினார் என்கிறது புராணம். மனித உடம்போடு சேர்ந்தது புலி மட்டும்தான். கதை கேட்ட குழந்தைகூட அவரை மறப்பதில்லை. அந்தக் காலைப் பார்த்தாலே மரமும் இருட்டும் பூவும் சேர்ந்து வந்துவிடுகின்றன. கற்பனை உருவம் ஒன்று இதைவிடச் சிறப்பாக அமைய முடியாது என்பேன்.

முதுநகர் துறைமுகத்தில் மீன் இறங்கும் நேரம் போய் ஒரு நாக்கு மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும், வாய் கோணலாக இருக்கும். குஞ்சில் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளரும்போது ஒன்று மறுபக்கம் நகர்ந்துவிடுகிறது. மணலில் படுத்தே வாழும் மீனுக்கு அடியில் கண் இருந்து என்ன பயன்? மேல்பக்கம் மணல் நிறம், அடிப்பக்கம் வெளுப்பு. விசித்திரமான உருவம்தான், ஆனால் வீணாக எதுவும் இல்லை. பிச்சாவரம் சேற்றில் முன்துடுப்பை ஊன்றித் துள்ளித் திரியும் சின்ன மீன்களையும் கவனியுங்கள். அவற்றுக்குக் கண்கள் உச்சந்தலையில் இருக்கும்.

அப்புறம், விலங்கின் உருவம் முழுவதையும் கருப்பால் நிரப்பிக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குங்கள். நான் செய்து பார்த்தேன். கொம்பும் முள்ளும் இறக்கையும் கலந்து புதர் மாதிரி ஆகிவிட்டது. காமிக்ஸில் பல கட்டங்களில் அது தூரத்தில் சின்னதாகத்தானே வரும்? மண்டபத்தின் அரை இருட்டிலும் தூணில் இருப்பது யாளி என்று தெரிகிறதே, தூக்கிய முன்கால்களும் வளைந்த துதிக்கையும் போதும்.

கொம்பு, இறக்கை, முள் மூன்றையும் எடுத்துவிடலாம். தேள் வாலை மட்டும் விடாதீர்கள். விலங்கு சேற்றில் புதைந்து வாலை மட்டும் மேலே நீட்டினால், நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களுக்கு நடுவே அதுவும் ஒரு வேர் என்றுதான் படகுக்காரர் நினைப்பார். அந்த ஒரு கட்டத்தை வரைந்து அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.