அமெரிக்காவின் சிறு புறநகரங்களில் கார் எடுக்காமல் நடந்தே வாழக்கூடிய ஊர் உண்டா?

உண்டு. எனக்குத் தெரிந்த ஊர் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனுக்கு வடகிழக்கே இருக்கும் கிரீன்பெல்ட். மக்கள்தொகை 25,000-ஐ ஒட்டி. அதன் பழைய பகுதியில் ஆறு வருடம் குடியிருந்தோம்.

முதல் நாள் வீட்டு வாசல் எது என்றே எனக்குப் பிடிபடவில்லை. காரை நிறுத்திய பக்கம் சமையலறைக் கதவும் குப்பைத் தொட்டியும்தான் இருந்தன. ஊர்க்காரர்கள் அதை ‘சர்வீஸ் சைடு’ என்கிறார்கள். வீட்டின் முகம் இருப்பது மறுபக்கம், புல்லும் மரமுமாக இருக்கும் ‘கார்டன் சைடு’. அங்கிருந்து கிளம்பும் நடைபாதை வரிசை வீடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், கிரசென்ட் சாலை குறுக்கிடும் இடத்தில் அதற்கு அடியில் சுரங்கமாக நுழைந்து, ரூஸ்வெல்ட் சென்டர் என்ற கடைவீதியில் முடியும். மளிகைக் கடை, தியேட்டர், நூலகம், நீச்சல் குளம் எல்லாம் அங்கேயே, பக்கத்திலேயே. என் மகள் ஒன்பது வயதில் அந்தப் பாதையில் தனியாகப் போய்ப் பால் வாங்கி வந்தாள். அதற்கு முன்பு இருந்த ஊரில் ஒரு பாக்கெட் பாலுக்கும் கார் சாவியைத் தேட வேண்டும்.

இப்படிக் கட்டியது தனியார் கம்பெனி இல்லை, அரசாங்கம். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இல்லாதவர்களுக்கு வேலையும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீடும் தர ரூஸ்வெல்ட் அரசு போட்ட திட்டம் அது. பொறுப்பில் இருந்தவர் ரெக்ஸ்ஃபோர்டு டக்வெல். புகையிலை போட்டுப் போட்டுச் சத்துப்போன நிலத்தை வாங்கி, ஏரி வெட்டி, 885 வீடுகள் எழுப்பினார்கள். முதல் குடும்பங்கள் வந்தது 1937 செப்டம்பர் 30. இதே திட்டத்தில் ஒஹையோவில் கிரீன்ஹில்ஸ், விஸ்கான்சினில் கிரீன்டேல் என்று இன்னும் இரண்டு ஊர்கள் எழுந்தன, அத்தோடு சரி.

ஆனால் கட்டியதைவிட, அதைக் காப்பாற்றிய விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1952-இல் அரசு ஊரை விற்க முன்வந்தபோது, குடியிருந்தவர்களே கூட்டுறவு சங்கமாகச் சேர்ந்து ஏறக்குறைய 1,600 வீடுகளை வாங்கினார்கள். அதுதான் இன்றைய கிரீன்பெல்ட் ஹோம்ஸ். இங்கே உங்கள் பெயரில் பத்திரம் பதிவாகாது. சங்கத்தில் உறுப்பினராகி, வீட்டில் காலத்துக்கும் இருக்கும் உரிமையை வாங்குகிறீர்கள், மாதாமாதம் கட்டணம். இது புரியாமல் ஒரு வங்கி எங்களுக்குக் கடன் தர மறுத்துவிட்டது. வேறொன்றைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. மளிகைக் கடையும் கூட்டுறவுதான். 1937-இல் ஊர்க்காரர்கள் தொடங்கிய வாரப் பத்திரிகை இன்னும் இலவசமாக வாசலுக்கு வருகிறது. ஊர்க் கூட்டத்தில் ஒரு கட்டுமானத் தொழிலதிபரின் பேரத்தை மக்கள் ‘பிளாக்மெயில்’ என்று சொன்னதை அப்படியே அச்சிட்டதற்காக, 17,500 டாலர் இழப்பீடு கட்டச் சொல்லிக் கீழ்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சின்னப் பத்திரிகை உச்ச நீதிமன்றம் வரை போய் 1970-இல் ஜெயித்தது. இந்தக் கதையை எனக்குச் சொன்ன பக்கத்து வீட்டுப் பாட்டியின் குரலில் இருந்த பெருமை இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஊரைக் கட்டிய கூலிகளில் கறுப்பினத்தவர்களும் இருந்தார்கள். குடியேற அவர்களுக்கு அனுமதி இல்லை. பழைய பள்ளிக் கட்டடத்தின் சுவரில் லெனோர் தாமஸ் என்ற சிற்பி அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகவுரையைப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார். ‘நீதியை நிலைநாட்ட’ என்ற வரியும் அதில் உண்டு. அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்தக் கூலிகளின் பிள்ளைகள்தான் எனக்கு நினைவுக்கு வருவார்கள். இன்று ஊரில் கறுப்பினத்தவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். கறுப்பினத்தவர்களுக்கு நடந்த அநீதிக்கு இழப்பீடு தருவது பற்றி ஆராய ஒரு குழு அமைக்க 2021-இல் ஊர் வாக்களித்தது. தாமதம்தான், ஆனாலும் அது எனக்கு நிறைவாக இருந்தது.

அப்புறம், நான் சொன்ன நடை வசதியெல்லாம் பழைய கிரீன்பெல்ட்டுக்கு மட்டும்தான். பெல்ட்வே, கெனில்வொர்த் அவென்யூ, பால்டிமோர்-வாஷிங்டன் பார்க்வே என்ற மூன்று பெரிய சாலைகள் ஊரைத் துண்டு போட்டுவிட்டன. பின்னால் வந்த அடுக்குமாடிப் பகுதிகளில் இருந்து சென்டருக்கு நடப்பது சிரமம். மெட்ரோ நிலையத்துக்கும் பஸ்தான். லேன்ஹாமில் இருக்கும் சிவா விஷ்ணு கோவிலுக்கு நாங்களும் காரில்தான் போவோம்.

வீடுகள் சின்னவை, அலமாரிகள் அதைவிடச் சின்னவை. பெரிய வீடு வேண்டுமென்றால் இது உங்களுக்கு ஒத்துவராது. பார்க்கப் போவதாக இருந்தால், கிரசென்ட் சாலையில் 1930-களின் சாமான்களோடு ஒரு வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். முதலில் அங்கே போங்கள். பிறகு காரை சென்டரிலேயே விட்டுவிட்டு, நடைபாதை வழியாக ஏரி வரை நடந்து பாருங்கள்.