பழைய அமெரிக்க சிட்காம்கள் (நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர்கள்) தன்பாலீர்ப்பாளர்களைக் கேலிப்பொருளாக மட்டுமா காட்டின?

பெரும்பாலும் ஆமாம், ஆனால் 'ஆல் இன் த ஃபேமிலி' தொடரைப் பார்க்காமல் அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். 1971 பிப்ரவரியிலேயே, தொடர் ஆரம்பித்து சில வாரங்களில், ஒரு பகுதி வந்தது. மருமகன் மைக்கின் நண்பன் கொஞ்சம் நளினமாக இருக்கிறான் என்பதற்காகவே தொடரின் நாயகன் ஆர்ச்சி பங்கர் அவனை 'அப்படிப்பட்டவன்' என்று முத்திரை குத்துகிறார். ஆனால் உண்மையில் தன்பாலீர்ப்பாளர், ஆர்ச்சி மதிக்கும் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஸ்டீவ்! மதுக்கடையில் இருவரும் கைமல்யுத்தம் போடும்போதுதான், தன்னைப் பற்றி மருமகன் சொன்னது சரிதான், தான் தன்பாலீர்ப்பாளர்தான் என்று ஸ்டீவ் அமைதியாக ஒப்புக்கொள்கிறார். ஆர்ச்சியால் நம்பவே முடியாது. அந்த முகத்தை ஒருமுறை பாருங்கள்.

என்னை அதைவிட உலுக்கியது பெவர்லி லாசால். பெண் வேடமிட்டு மேடையேறும் கலைஞர், 1975-இல் ஆர்ச்சியின் டாக்ஸியில் மயங்கி விழுபவராக அறிமுகமாகி, ஆர்ச்சியின் மனைவி ஈடித்துக்கு நெருங்கிய தோழமையாகிறார். 1977 கிறிஸ்துமஸ் சமயத்துக் கதையில் மைக்கைக் காப்பாற்றப் போய் பெவர்லி கொல்லப்படுகிறார். அப்புறம் ஈடித், அத்தனை பக்தியுள்ள ஈடித், சர்ச்சுக்குப் போகவே மறுக்கிறார். சிரிக்க உட்கார்ந்தவர்களை ஒரு பெவர்லிக்காகத் துக்கம் அனுசரிக்க வைத்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

'தி கோல்டன் கேர்ள்ஸ்' தொடர் 1986-இல் நாயகிகளில் ஒருவரான டோரதியின் லெஸ்பியன் தோழி ஜீனை இயல்பாக வீட்டுக்குள் கூட்டிவந்தது. ஆனால் இவர்கள் எல்லோரும் வந்துபோகும் விருந்தாளிகள். கதாநாயகியே தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்ல, 1997-இல் 'எல்லன்' தொடரின் அந்தப் பகுதி வரவேண்டியிருந்தது.