கேள்வி நேரம்: ஹாரிஸ்பர்க்கில் எதைக் காப்பாற்ற முடியும்?

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், வழக்கறிஞர். இப்போது மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடப் போகிறாளாம். ஏன் என்று கேட்டால், ‘ஜனநாயகத்தைக் காப்பாற்ற, நியாயமான ஆட்சியைத் திரும்பக் கொண்டுவர’ என்கிறாள். அதிகாரமெல்லாம் வாஷிங்டனில் இருக்கிறது. மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் போய் உட்கார்ந்து எதைக் காப்பாற்ற முடியும்?
*ஒரு வாசகி, பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா*

பதில்: உங்கள் பெண் சரியான கதவைத்தான் தட்டுகிறார் அம்மா. அவர் சொல்லும் காரணத்தோடுதான் எனக்குக் கொஞ்சம் சண்டை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆசிரியர் வேலையில் இருந்தபோது வாக்குச்சாவடிப் பணிக்குப் போனவன் நான். மேலிருந்து வரும் ஒரே விதிப்புத்தகம், நாடு முழுக்க ஒரே நடைமுறை என்றுதான் பழக்கம். அமெரிக்காவில் நம் தேர்தல் ஆணையம் போல ஒன்று கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று பெயரளவில் ஒன்று உண்டு; அது பார்ப்பது பிரசாரப் பணக் கணக்கை. எப்படி வாக்களிப்பது, எப்போது எண்ணத் தொடங்குவது, தொகுதிக் கோட்டை எங்கே போடுவது என்பதையெல்லாம் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றங்கள்தான் முடிவு செய்கின்றன. அதிபர் தேர்தலுக்கும் அப்படித்தான்.

உங்கள் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த சட்டப்படி காரணம் சொல்லாமலே எவரும் தபாலில் வாக்களிக்கலாம். நல்ல விஷயம். ஆனால் அந்த உறைகளை வாக்குப்பதிவு நாளன்று காலை 7 மணிக்கு முன்னால் பிரிக்கக் கூடாது. 2020 நவம்பர் 3 செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு. பென்சில்வேனியாவில் பைடன் ஜெயித்தார் என்று செய்தி நிறுவனங்கள் அறிவித்தது சனிக்கிழமை. நேரில் போட்ட வாக்குகளில் முன்னால் இருந்த டிரம்ப், தபால் வாக்குகளை எண்ண எண்ணப் பின்னுக்குப் போனார். ராத்திரியோடு ராத்திரியாக வாக்கைத் திருடிவிட்டார்கள் என்ற புரளிக்கு அந்த இடைவெளியே தீனி போட்டது. ஃபுளோரிடாவில் உறைகளை முன்கூட்டியே சரிபார்த்து வைக்கலாம். அதனால் அங்கே அன்றிரவே முடிவு தெரிந்துவிட்டது. பென்சில்வேனியா விதியை மாற்ற ஹாரிஸ்பர்க்கில் ஒரு சின்னத் திருத்தம் போதும். 2024 தேர்தலும் அதே பழைய விதியோடுதான் நடந்தது.

தொகுதி வரைபடம் இன்னொரு கூத்து. 2011-ல் குடியரசுக் கட்சியினர் வரைந்த நாடாளுமன்றத் தொகுதிகளில் ஏழாவது தொகுதியின் வடிவத்தைப் பார்த்தவர்கள், கார்ட்டூன் நாய் கூஃபி, கார்ட்டூன் வாத்து டொனால்ட் டக்கை எட்டி உதைப்பது போல் இருக்கிறது என்று சிரித்தார்கள். 2018 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், மாநில அரசியல் சாசனத்தைக் காட்டியே அந்த வரைபடத்தைத் தூக்கி எறிந்தது. குடியரசுக் கட்சிக்கு 13, ஜனநாயகக் கட்சிக்கு 5 என்று இருந்த கணக்கு அந்த ஆண்டுத் தேர்தலில் 9-க்கு 9 ஆனது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இதில் பச்சைக் குழந்தைகள் என்று நினைக்காதீர்கள். இல்லினாய்ஸில் அவர்கள் வரைந்த வரைபடத்தைப் பார்த்தால் தெரியும்.

இப்போது என் சண்டை. ‘ஜனநாயகத்தைக் காப்பாற்ற’ என்று வீட்டு வாசலில் நின்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த டிரம்ப் ஆதரவாளர்களும் அதைத்தான் சொன்னார்கள். அதனால் உங்கள் பெண்ணை ஒரு சட்டப்பிரிவின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ‘உறைகளைச் சில நாள் முன்னதாகப் பிரிக்க ஒரு மசோதா கொண்டுவருவேன்’ என்றால் அதில் பிடி இருக்கிறது. ஜெயித்தபின் ‘செய்தாயா?’ என்று கேட்கவும் முடியும்.

இன்னொன்றும் கேளுங்கள்: பத்து வாக்கில் தோற்றால் என்ன செய்வாய்? மறு எண்ணிக்கை கேட்பது உரிமை. அது முடிந்தபின் ஜெயித்தவரைக் கூப்பிட்டு வாழ்த்துவாரா? 2020 தேர்தலின்போது ஜார்ஜியாவில் தேர்தலை மேற்பார்வையிடும் மாநிலச் செயலாளராக இருந்த பிராட் ராஃபன்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கு வாக்களித்தவர். 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் அவரைத் தொலைபேசியில் அழைத்து, அங்கே தான் ஜெயிப்பதற்கு 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். முடியாது என்றார் ராஃபன்ஸ்பெர்கர். தன் கட்சி தோற்கும்போது கணக்கை மாற்றாமல் விடுகிற ஆள்தான் அந்த நாற்காலிக்கு வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் முதல்நிலைத் தேர்தலில் நிற்க, அதே கட்சியில் பதிவு செய்த தொகுதி வாக்காளர்களிடம் 300 கையெழுத்து வாங்க வேண்டும். அவகாசம் மூன்று வாரம், அதுவும் குளிர்காலத்தில். இரண்டு மடங்கு வாங்கி வைப்பதே புத்திசாலித்தனம், ஏனென்றால் எதிராளி ஒவ்வொரு கையெழுத்தையும் நீதிமன்றத்தில் நோண்டலாம். ஒபாமா 1996-ல் முதல்முறை இல்லினாய்ஸ் மாநிலச் செனட்டுக்கு (மாநில மேலவை) நின்றபோது, தன் கட்சிப் போட்டியாளர்களின் கையெழுத்துகளை எதிர்த்தே எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத் தனியாளாக நின்றார். எனக்கு இந்தக் கதை ரசிக்கவில்லை. ஆனால் சட்டப்படி சரி.

கேள்வி: ஒரே ஒரு வாக்கும் ஓர் உறுப்பினரும் முடிவையே மாற்றலாம் என்பதெல்லாம் மேடைப் பேச்சுதானே?
*ஒரு கல்லூரி மாணவர்*

பதில்: வர்ஜீனியாவில் 2017-ல் ஒரு மாநிலத் தொகுதியில் இரண்டு வேட்பாளர்களுக்கும் ஆளுக்கு 11,608 வாக்குகள். பெயர்களைச் சீட்டில் எழுதிப் பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கினார்கள். டேவிட் யான்சி பெயர் வந்தது. 51-க்கு 49 என்று சபை குடியரசுக் கட்சியிடமே இருந்தது. ஷெல்லி சைமண்ட்ஸ் பெயர் வந்திருந்தால் 50-50. அவர் 2019-ல் மறுபடி நின்று ஜெயித்தார். பென்சில்வேனியாவில் 203 பேர் கொண்ட சபை 2024 தேர்தலில் 102-க்கு 101 என்று பிரிந்தது. போதுமா?

கேள்வி: இந்த வேலைக்குச் சம்பளம் உண்டா?
*அதே பிட்ஸ்பர்க் வாசகி, பின்குறிப்பில்*

பதில்: அம்மாக்களின் உண்மையான கேள்வி பின்குறிப்பில்தான் வரும்! பென்சில்வேனியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல், முழுநேர வேலை. நியூ ஹாம்ப்ஷயரில் 100 டாலர், 1889-லிருந்து மாறவில்லை. அதனால் அங்கே 400 பேர் கொண்ட சபையில் ஓய்வு பெற்றவர்களும் வசதியுள்ளவர்களுமே நிறைய. கடன் கட்டிக்கொண்டிருக்கும் இளம் வழக்கறிஞருக்கு உங்கள் மாநிலமே தேவலை.